மர்கட்ராய்ட் என்ற பெயர் எந்த ஊரிலிருந்து வந்தது?

லண்டனில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் கேட்டிருந்தார்: "என் மேலாளரின் குடும்பப்பெயர் மர்கட்ராய்ட். காதுக்கு பிரெஞ்சு மாதிரி இருக்கிறது, ஆனால் அவர் நாங்கள் அசல் யார்க்ஷயர்காரர்கள் என்கிறார். தேடினால் ஒரு இடத்தில் மார்கரெட் என்ற பெண்ணின் நிலம் என்று போட்டிருக்கிறது, இன்னொரு இடத்தில் மேட்டுநிலத்துக்குப் போகும் பாதை என்று இருக்கிறது. எது சரி? இந்தப் பெயரை வேறு யாருக்கும் நான் பார்த்ததே இல்லையே, ஏன்?"

உங்கள் மேலாளர் சொல்வதுதான் சரி. பிரெஞ்சுக்கும் இந்தப் பெயருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அசல் யார்க்ஷயர் என்பதையும் தாண்டி, வட இங்கிலாந்தில் இருக்கும் அந்த யார்க்ஷயரில் எந்தப் பக்கம், எந்த மலைச்சரிவு என்பது வரைக்கும் சொல்லிவிட முடிகிற பெயர் இது. நான் ஹாலிஃபாக்ஸ் பக்கம் பல வருடமாக இருக்கிறேன், இந்தப் பகுதிக் குடும்பப்பெயர்களைத் தேடிப் படிப்பது எனக்குப் பிடித்த வேலை. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் ஒன்று. ஆங்கிலக் குடும்பப்பெயருக்குப் பொருள் தேடும் பெரும்பாலானோர் நேராக அகராதிக்குப் போகிறார்கள். நான் அதற்கு முன்னால் வரைபடத்தை எடுப்பேன். ஸ்மித், டெய்லர் போன்ற பெயர்களுக்கு வரைபடத்தால் பெரிய உதவி இல்லை, கொல்லனும் தையல்காரனும் இல்லாத ஊர் ஏது? ஆனால் அரிதான பெயர் என்றால் அது பெரும்பாலும் ஏதோ ஒரு வயல், ஒரு வீடு, ஒரு சின்னக் குடியிருப்பின் பெயராகத்தான் இருக்கும். அந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால் பொருள் தானாகவே வந்துவிடும், கண்டுபிடிக்காமல் சொல்லும் பொருள் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது வெறும் ஊகம்.

மர்கட்ராய்ட் விஷயத்தில் வரைபடம் மிகத் தெளிவாகப் பேசுகிறது. 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தப் பெயர் கொண்டவர்கள் எங்கே வாழ்ந்தார்கள் என்று குறித்துப் பார்த்தால், யார்க்ஷயரின் மேற்குப் பகுதியான வெஸ்ட் ரைடிங்கில், ஹாலிஃபாக்ஸ், கீத்லி, பிராட்ஃபோர்டு வட்டாரத்தில் புள்ளிகள் அடர்த்தியாக விழும். மலையைத் தாண்டி லங்காஷயர் பக்கம் கொஞ்சம். மற்ற இடங்களில் அங்கொன்றும் இங்கொன்றும்தான். இன்னும் பின்னால் போகப் போக அந்த வட்டம் சுருங்கிக்கொண்டே வந்து, கடைசியில் ஹாலிஃபாக்ஸுக்கு மேற்கே வார்லி என்ற டவுன்ஷிப்பில் வந்து நிற்கிறது. டவுன்ஷிப் என்பது பழைய நிர்வாகப் பிரிவு. ஹாலிஃபாக்ஸ் திருச்சபை வட்டாரம் நூறு சதுர மைலுக்கும் பெரியது, இங்கிலாந்திலேயே மிகப் பெரிய வட்டாரங்களில் ஒன்று, அதனால் அது இப்படிப் பல டவுன்ஷிப்களாகப் பிரிந்து கிடந்தது.

சரி, இப்போது பெயரை உடைத்துப் பார்க்கலாம். மூர், கேட், ராய்ட் என்று மூன்று துண்டுகள். மூர் என்றால் மரமில்லாத மேட்டுநிலம், புல்லும் ஹெதர் புதரும் மண்டி, எந்நேரமும் காற்று வீசிக்கொண்டிருக்கும். கேட் என்றதும் நாம் வாசல் கதவை நினைப்போம், அதுதான் இங்கே தப்பு. 9ஆம் நூற்றாண்டில் வந்து குடியேறிய வைக்கிங்குகளின் நார்ஸ் மொழியில் 'காட்டா' என்றால் தெரு, பாதை. அந்தச் சொல்தான் வட இங்கிலாந்தில் கேட் ஆகி நின்றுவிட்டது. லீட்ஸில் இருக்கும் பிரிகேட் என்பது பாலத்துக்குப் போகும் தெரு, கிர்க்கேட் என்பது சர்ச்சுக்குப் போகும் தெரு. யார்க் நகரத்தில் தெருவுக்குப் பெயர் கேட், கோட்டை வாசலுக்குப் பெயர் பார். முதல் தடவை போகிறவர்கள் கண்டிப்பாகக் குழம்புவார்கள், நானும் குழம்பினேன்.

மூன்றாவது துண்டு ராய்ட், எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். பழைய ஆங்கிலத்தில் 'ரோட்' என்று ஒரு சொல், காட்டை வெட்டித் திருத்திய நிலம் என்று பொருள், சாலையைக் குறிக்கும் ரோடு வேறு. வெஸ்ட் ரைடிங் பேச்சுவழக்கில் சில சொற்களில் வரும் 'ஓ' ஒலி 'ஆய்' ஆக மாறிவிடும். கோல் என்ற நிலக்கரி காய்ல் ஆகும், ஹோல் என்ற துளை ஹாய்ல் ஆகும். வயதானவர்கள் பேசுவதை உட்கார்ந்து கேட்டால் இப்போதும் காதில் விழும். அதே வழியில்தான் ரோட் ராய்ட் ஆனது. எழுதுகிறவர்கள் மக்கள் வாயில் வந்ததை அப்படியே எழுத, அந்த வட்டார உச்சரிப்பு பெயருக்குள்ளேயே நின்றுவிட்டது. ஆக்ராய்ட் ஓக் மரங்களை வெட்டித் திருத்திய நிலம், ஹோல்ராய்ட் பள்ளத்தில் திருத்திய நிலம். கவிஞர் டெட் ஹியூஸ் 1930இல் பிறந்த மைதம்ராய்ட் என்ற ஊரும் இதே குடும்பம்தான், வார்லியிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிறது. ஆங்கிலக் குடும்பப்பெயர் ஒன்று 'ராய்ட்' என்று முடிந்தால் அதன் வேர் வெஸ்ட் ரைடிங்கில் இருக்கிறது என்று தயங்காமல் சொல்லலாம்.

ஆக மூர்கேட்ராய்ட் என்றால் மூருக்குப் போகும் பாதையை ஒட்டி, காடு வெட்டித் திருத்திய நிலம். மார்கரெட் விளக்கம் எங்கிருந்து வந்தது என்றால், நூறு வருடத்துக்கு முன்னால் பெயர்களின் பொருளை எழுதியவர்கள் ஒலியை வைத்து முடிவு செய்தார்கள். மார்கரெட்டுக்கு மெர்கெட் என்று ஒரு பழைய செல்லப்பெயர் இருந்ததால் அது சுலபமாகப் பொருந்திவிட்டது. பெண்ணின் பெயரால் நிலம் இருப்பதும் நடக்காத காரியம் இல்லை. ஆனால் வார்லியில் நின்று பார்த்தால் எனக்குச் சந்தேகமே இல்லை. டவுன்ஷிப்பின் கீழ்ப்பகுதி கால்டர் ஆற்றுப் பள்ளத்தாக்கு, மேலே போகப் போக கருத்த மணற்கல் சுவர்களுக்கு நடுவில் வயல்கள், ஒரு உயரத்துக்கு மேல் சுவர் நின்றுவிடும், அதற்கு அப்பால் வார்லி மூர். அந்தச் சுவர்களுக்கு நடுவே குறுகலான பாதைகள் மேலே ஏறுகின்றன, ஆடுகளை மேய்ச்சலுக்கு ஓட்டவும் கரி வெட்டிக்கொண்டு வரவும் மக்கள் அந்தக் காலத்தில் ஏறி இறங்கிய மாதிரிப் பாதைகள். ஒரு வயலை அடையாளம் சொல்ல வேண்டுமென்றால் "மூர்ப் பாதை வயல்" என்று சொல்வதைவிட இயல்பாக வேறு என்ன சொல்வார்கள்?

இப்போது ஆவணம். 1371இல் வார்லிக்குக் கான்ஸ்டபிளாக நியமிக்கப்பட்ட ஒருவரின் பெயர் லத்தீனில் யோஹன்னஸ் டி மோர்கேட்ராய்ட் என்று பதிவாகியிருக்கிறது, அதாவது மூர்கேட்ராய்டைச் சேர்ந்த ஜான். இப்போதைய போலீஸ் கான்ஸ்டபிள் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் காலத்தில் அது ஊர்க்காரர்களில் ஒருவர் முறை வைத்துப் பார்க்கும் பொறுப்பு, சண்டை சச்சரவைக் கவனிப்பது, தவறு செய்தவர்களை நிலப்பிரபுவின் பண்ணை நீதிமன்றத்தில் நிறுத்துவது இதெல்லாம் அவர் வேலை. வார்லி அப்போது வேக்ஃபீல்ட் பண்ணையின் கீழ் இருந்தது. மேனர் என்று சொல்லப்படும் அந்தப் பண்ணையின் நீதிமன்றச் சுருள்கள் 1274 முதல் தோல்தாள்களில் இருக்கின்றன. யுனெஸ்கோ 2011இல் அவற்றை பிரிட்டனின் நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. யார் வேலியை உடைத்தான், யார் பீர் விற்றாள், யார் நிலத்தை யாருக்கு மாற்றினார் என்று சாதாரண மனிதர்களின் வாழ்க்கை வருடக்கணக்கில் அதில் கிடக்கிறது. யார்க்ஷயர் குடும்பப்பெயர்களைப் பற்றி நமக்கு இவ்வளவு தெரிவதற்கு அந்தச் சுருள்கள் ஒரு முக்கியமான காரணம்.

அந்த 'டி' என்ற சின்னச் சொல்லைக் கவனியுங்கள். "இந்த இடத்துக்காரர்" என்று அது சொல்கிறது, அவ்வளவுதான். ஜான் அந்த வயலில் இருக்கும் வரை அது முகவரிதான், இன்னும் குடும்பப்பெயர் ஆகவில்லை. மகனோ பேரனோ அந்த வயலைவிட்டு அடுத்த சரிவுக்குக் குடிபோன பிறகும் அதே பெயரோடு அழைக்கப்பட்டால்தான் அது குடும்பப்பெயர். இங்கிலாந்தின் தெற்கில் இந்த மாற்றம் முன்னாலேயே நடந்தது, வடக்கில் தாமதம், 14ஆம் நூற்றாண்டு முழுக்க நடந்துகொண்டிருந்தது. இரண்டாம் ரிச்சர்டு மன்னர் காலத்தில் 1379இல் போட்ட தலைவரியின் பட்டியல் வெஸ்ட் ரைடிங்குக்கு நல்ல நிலையில் மிஞ்சியிருக்கிறது. சாதாரணக் குடியானவர் குறைந்தபட்சம் நாலு பென்னி கட்ட வேண்டும். ஊர் ஊராக, பெயர் பெயராக இருக்கும் அந்தப் பட்டியலைப் பார்த்தால் முகவரிகள் குடும்பப்பெயர்களாக மாறுவதை நடுவழியில் பிடித்துவிடலாம்.

ஏன் இவ்வளவு அரிது என்ற கேள்விக்கு வருகிறேன். ஸ்மித்துக்கு ஆயிரக்கணக்கான தொடக்கங்கள், இதற்கு ஒரே ஒரு வயல். அந்த வயலில் இருந்த குடும்பத்தில் ஆண்பிள்ளைகள் பிறந்து, பிழைத்து, கல்யாணம் செய்து, மறுபடி ஆண்பிள்ளைகள் பிறந்தால்தான் பெயர் நிற்கும். தலைமுறைக்கு முப்பது வருடம் என்று வைத்தால் 1371 முதல் 1881 வரை பதினேழு தலைமுறை. அதில் ஒரு தலைமுறையில் பெண்பிள்ளைகள் மட்டும் பிறந்தால் அந்தக் கிளை போயிற்று. பிரபுக் குடும்பங்களின் பெயர்கள் ஏன் அழிகின்றன என்று 1870களில் பிரான்சிஸ் கால்டன் என்ற விஞ்ஞானி ஒரு கணக்கைக் கேட்டார், ஹென்றி வாட்சன் என்ற பாதிரியார் அதற்கு வழி கண்டுபிடித்தார். சராசரியாக ஒரு ஆணுக்கு ஒரு மகன் என்ற அளவிலேயே மக்கள்தொகை நின்றால், எந்தப் பெயரும் போதுமான காலம் கொடுத்தால் அழிந்தே போகும் என்பதுதான் அதன் சாரம். கால்டன்–வாட்சன் கணக்கு என்று கல்லூரியில் புள்ளியியல் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். இந்தப் பெயர் பிறந்தது 1348–49 கொள்ளைநோய் ஊரையே வாரிக்கொண்டு போன இருபது வருடத்துக்குப் பிறகு. அதே காலத்தில் பக்கத்து வயல்களில் தோன்றிய எத்தனையோ பெயர்கள் ஓரிரு தலைமுறையில் மறைந்துவிட்டன. மர்கட்ராய்ட் பிழைத்தது, அதுவும் நன்றாகவே கிளைவிட்டது. இன்று லண்டனில் இருந்துகொண்டு பார்த்தால் அரிதாகத் தெரியும், ஹாலிஃபாக்ஸில் இது அபூர்வமே இல்லை.

கிளைவிட்டும் ஏன் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை? அதற்குக் காரணம் கம்பளி. வார்லி போன்ற மேட்டுநிலத்தில் விவசாயம் மட்டும் செய்து பிழைக்க முடியாது, ஓட்ஸ் விளைவதே கஷ்டம். அதனால் வீட்டுக்கு வீடு தறி போட்டார்கள். நாலு ஏக்கர் நிலம், ஒரு மாடு, உள்ளே ஒரு தறி, மனைவியும் பிள்ளைகளும் கம்பளி சிக்கெடுத்து நூற்பது, வாரத்துக்கு ஒரு துணியைச் சந்தைக்குச் சுமப்பது. 1720களில் அந்த வழியாகப் போன எழுத்தாளர் டேனியல் டெஃபோ வீடு தவறாமல் வாசலில் துணி இழுத்துக் கட்டிக் காய்வதைக் கண்டு வியந்து எழுதியிருக்கிறார். இப்படி இரண்டு தொழில் இருந்ததால் இளைய மகனும் பிழைப்புத் தேடி ஊரைவிட்டு ஓட வேண்டியதில்லை, அடுத்த சரிவில் கொஞ்சம் நிலம் திருத்திக்கொண்டு ஒரு தறியைப் போட்டால் போதும். வேறு பகுதிகளில் சிதறிப்போன பெயர்கள் இங்கே மட்டும் ஒரே பள்ளத்தாக்கில் தலைமுறை தலைமுறையாகக் குவிந்தது இதனால்தான். கிரீன்வுட், சட்கிளிஃப், பாரக்ளஃப் எல்லாமே இதே கதைதான்.

இந்தப் பெயரில் வந்தவர்களில் பெரிய புள்ளி ஜேம்ஸ் மர்கட்ராய்ட். வார்லியைச் சேர்ந்த துணி வியாபாரி, கம்பளியில் சம்பாதித்த பணத்தில் கீத்லி பக்கத்தில் ஈஸ்ட் ரிடில்ஸ்டன் ஹால் என்ற பெரிய வீட்டை 1630களின் கடைசியில் வாங்கி, 1640களில் பெரும்பகுதியை மறுபடி கட்டினார். இப்போது அது பழைய கட்டிடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பிடம் இருக்கிறது, டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போய்ப் பார்க்கலாம். வாசல் மேலே ரோஜாப்பூ மாதிரி வட்ட ஜன்னல், அதைச் செதுக்கியவர்களின் கை இந்தப் பக்கத்துப் பழைய வீடுகள் பலவற்றில் தெரியும். பக்கத்தில் இருக்கும் சின்னக் கட்டிடத்தின் உச்சியில் முதலாம் சார்லஸ் மன்னரின் தலையும் ராணியின் தலையும் செதுக்கி, "மன்னர் வாழ்க" என்று பிரெஞ்சில் எழுதி 1642 என்று போட்டிருக்கிறது. மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் இடையே உள்நாட்டுப் போர் தொடங்கிய வருடம் அது. சுற்றியிருந்த நெசவு ஊர்கள் பெரும்பாலும் நாடாளுமன்றத்தின் பக்கம் நின்றபோது, இந்தத் துணி வியாபாரி தன் விசுவாசத்தைக் கல்லிலேயே வெட்டி வைத்துவிட்டார். அண்ணாந்து அதைப் பார்த்தபடி நான் ரொம்ப நேரம் நின்றிருக்கிறேன். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் சொத்தைக் காப்பாற்றவில்லை, வீடு கைமாறிவிட்டது. அவர்கள் செய்த அட்டூழியத்தைக் காணச் சகிக்காமல் ஏர் நதி வெட்கப்பட்டுத் திசை மாறி ஓடியது என்று ஊரில் ஒரு கதை உண்டு.

எனக்கு ஜேம்ஸைவிட மனதுக்கு நெருக்கமானவர் இன்னொரு மர்கட்ராய்ட். ஹடர்ஸ்ஃபீல்டு பக்கம் ஸ்லாத்வெயிட் என்ற ஊரில் பாதிரியாராகவும் பள்ளி ஆசிரியராகவும் இருந்த ஜான், 1719இல் பிறந்து 1806இல் இறந்தவர், நாட்குறிப்பு எழுதி வைத்துவிட்டுப் போனதால் நமக்குத் தெரிகிறார். 1802இல் அவர் வீட்டு வேலைக்காரி ஃபீபி பீட்சன் கல்யாணம் ஆகாமல் கர்ப்பமானாள், காரணமானவன் கட்டிக்கொள்ள மறுத்துவிட்டான். அந்தக் காலத்தில் ஒரு பாதிரியார் வீட்டில் இப்படி நடந்தால் அன்றே வெளியே அனுப்பிவிடுவார்கள். எண்பது வயதைத் தாண்டிய இவர் அனுப்பவில்லை, குழந்தை அவர் வீட்டிலேயே பிறந்தது, வளர்ந்தது, உயிலிலும் ஃபீபிக்கு எழுதி வைத்தார். அந்தக் குழந்தை மர்கட்ராய்ட் ஆகவில்லை, ஆனால் இதைப் போன்ற வேறு வீடுகளில் வளர்ப்புப் பிள்ளை வளர்த்தவரின் பெயரை எடுத்துக்கொள்வது சகஜமாக நடந்தது. பெயரும் ரத்தமும் எப்போதும் ஒன்றாகவே போகும் என்று நினைக்கிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

டிஎன்ஏ ஆராய்ச்சியும் அதையே சொல்கிறது. ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகிறது, குடும்பப்பெயர் போகும் அதே வழி. 2000இல் ஆக்ஸ்ஃபோர்டின் பிரையன் சைக்ஸ் தன் பெயரையே கொண்ட 48 ஆண்களைச் சோதித்தார், பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களிடம் ஒரே குரோமோசோம் வகை இருந்தது. சைக்ஸும் வெஸ்ட் ரைடிங் பெயர்தான். ஒரே மூதாதை இருந்திருக்கிறார், வழியில் தலைமுறைக்குச் சுமார் 1.3 சதவீதம் தத்து, கள்ள உறவு போன்ற காரணங்களால் விலகிப்போயிருக்கிறது என்று அவர் கணக்குப் போட்டார். 2009இல் லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் டூரி கிங்கும் மார்க் ஜாப்ளிங்கும் 40 குடும்பப்பெயர்களில் 1,678 ஆண்களைச் சோதித்தபோது, அரிதான பெயர்களில் ஒற்றுமை மிக அதிகம், ஸ்மித்தில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை என்று வந்தது. அட்டன்பரோ என்ற பெயரில் பத்துக்கு எட்டுக்கு மேற்பட்டவர்கள் ஒரே வகை. ஆகவே முன்பின் தெரியாத இரண்டு மர்கட்ராய்ட்கள் சந்தித்தால், தூரத்து உறவாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

ஆலைகள் வந்த பிறகுதான் பெயர் நிஜமாகவே வெளியே கிளம்பியது. லட்டெண்டன் பள்ளத்தாக்கில் ஜான் மர்கட்ராய்ட் குடும்பத்தின் ஓட்ஸ் ராய்ட் ஆலை 19ஆம் நூற்றாண்டில் வளர்ந்து, 1982 வரை கம்பளி நூல் நூற்றது. அந்த ஆலையின் பெயரிலும் ராய்ட் இருக்கிறது பாருங்கள். செஷயரில் மிடில்விச் என்ற உப்பு ஊரில் 1889இல் ஜார்ஜ் மர்கட்ராய்ட் உப்புநீர்க் கிணறு தோண்டித் தொழில் தொடங்கினார், அந்தக் கிணறு இப்போது பாதுகாக்கப்பட்ட சின்னம். ஸ்காட்லாந்தில் மர்கிட்ராய்ட் என்று ஒரு எழுத்து மாறிய வடிவம் இருக்கிறது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்கா எல்லாம் கப்பலேறிப் போனவர்களின் பிள்ளைகள்.

பெயர் உலகத்துக்குத் தெரிந்தது வேறு வழியில். 1887இல் லண்டன் சவாய் தியேட்டரில் கில்பர்ட்டும் சல்லிவனும் போட்ட ரடிகோர் என்ற இசை நாடகத்தில் சாபம் பிடித்த பிரபு வம்சத்துக்கு மர்கட்ராய்ட் என்று பெயர் வைத்தார்கள், கதை நடப்பதோ இங்கிலாந்தின் மறுகோடியான கார்ன்வாலில். அப்புறம் 1944இல் ஒரு ஹாலிவுட் படத்தில் நடிகர் பெர்ட் லார் வியப்பைக் காட்ட "ஹெவன்ஸ் டு மர்கட்ராய்ட்" என்றார், 1960களில் ஹன்னா–பார்பெரா கார்ட்டூனில் ஒரு இளஞ்சிவப்பு மலைச்சிங்கம் அதையே சொல்லிச் சொல்லிப் பரப்பியது. அமெரிக்கர்கள் பலர் இது யாரோ இட்டுக்கட்டிய பெயர் என்றே நம்புவது இதனால்தான்.

ஒரு எச்சரிக்கை. "மர்கட்ராய்ட் குடும்பச் சின்னம்" என்று கண்ணாடிச் சட்டம் போட்டு விற்கும் கடைகள் நிறைய உண்டு, உங்கள் மேலாளருக்குப் பரிசாக வாங்கிவிடாதீர்கள். ஆங்கிலேய மரபில் அந்தக் கேடயச் சின்னம் ஒரு குறிப்பிட்ட ஆளுக்கும் அவர் வழிவந்தவர்களுக்கும் மட்டும்தான், பெயருக்குச் சின்னம் கிடையாது. இந்தச் சின்னங்களைப் பதிவு செய்யும், 1484 முதல் லண்டனில் இருக்கும் காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

அதைவிட நல்ல பரிசு ஒன்று உண்டு. அவருடைய கொள்ளுத்தாத்தாவின் பெயரையும் தோராயமாகப் பிறந்த வருடத்தையும் கேட்டு வாங்குங்கள். 1837 ஜூலையிலிருந்து பிறப்பு, திருமணம், இறப்பு அரசுப் பதிவில் இருக்கிறது, 1881 கணக்கெடுப்பை ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம், அதில் ஒவ்வொருவருக்கும் பிறந்த ஊர் எழுதியிருக்கும். அதற்கு முன்னால் சர்ச் பதிவேடுகள், ஹாலிஃபாக்ஸில் அவை 1538 வரை பின்னால் போகும். தேடும்போது ஒரே எழுத்துக்கூட்டலில் நின்றுவிட வேண்டாம், எழுத்தர் காதில் விழுந்தபடி மர்கெட்ராய்ட், மோர்கட்ராய்ட், மார்கட்ராய்ட் என்று எப்படியும் எழுதியிருப்பார். பிறந்த ஊர் என்ற இடத்தில் வார்லி, லட்டெண்டன், மிட்ஜ்லி, சோவர்பி இவற்றில் ஏதாவது ஒன்று வந்தால் எனக்கு எழுதுங்கள், அந்த ஊரின் பழைய வரைபடத்தில் எந்தப் பாதை மூருக்கு ஏறுகிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.